நடாமல் வந்த மரங்கள்: சாஹெல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் சுமார் 20 கோடி மரங்கள் யாரும் நடாமலே விவசாய நிலங்களில் வளர்ந்தன என்று எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு எழும். அப்புறம் கேள்விகள். ஊர் மாறும், ஆள் மாறுவார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

"நைஜீரியாவைத்தானே சொல்றீங்க? எழுத்துப் பிழையா?"

பிழை இல்லை. நைஜர் தனி நாடு, நைஜீரியாவுக்கு நேர் வடக்கே இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் வந்தது ஒரே ஆற்றிலிருந்து. நைஜரின் பெரும்பகுதி சஹாரா பாலைவனம். தெற்கு எல்லையை ஒட்டிய ஒரு பட்டையில்தான் வானம் பார்த்த விவசாயம் நடக்கிறது. நம் கதை நடப்பது அந்தப் பட்டையில், மராடி, ஜிந்தேர் என்ற இரண்டு வட்டாரங்களில். சஹாராவுக்குத் தெற்கே கண்டத்தின் குறுக்காக நீளும் இந்த வறண்ட விளிம்புக்குச் சாஹெல் என்று பெயர்.

மழை ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். விளைவது கம்பு, சோளம், தட்டைப்பயறு. நமக்கு அந்நியமான பயிர் எதுவும் இல்லை. சொல்லப்போனால் கம்பு முதன்முதலில் பயிரானதே அந்தப் பக்கத்தில்தான். அங்கிருந்துதான் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

"மரம் எல்லாம் ஏன் போச்சு? வறட்சியா?"

வறட்சி ஒரு காரணம். 1968 முதல் 1973 வரை நீண்ட வறட்சி, மறுபடி 1984இல் ஒன்று. ஆனால் அதற்கு முன்பே மரம் குறைய ஆரம்பித்துவிட்டது. மக்கள்தொகை கூடியது, நிலத்தைத் தரிசாகப் போட்டு ஆறவிடும் பழக்கம் போனது, விறகுத் தேவை ஏறியது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் வந்த வனச் சட்டத்தின்படி மரம் அரசின் சொத்து. நிலம் உன்னுடையது, உழுவது நீ, ஆனால் அதில் நிற்கும் மரத்தின் கிளையை வெட்டினால் வனக்காவலர் அபராதம் போடுவார். விடுதலைக்குப் பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது. விவசாயி என்ன செய்வான்? கன்று முளைக்கும்போதே பிடுங்கிப் போட்டுவிடுவான். வளர்ந்த பிறகு வம்பு எதற்கு? இதோடு 'மொட்டையாகத் துடைத்த நிலமே நல்ல நிலம்' என்று விவசாய அதிகாரிகளும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

விளைவைக் காற்று காட்டியது. தடுக்க எதுவும் இல்லாத வெளியில் மணற்காற்று அடித்தால் இளங்கம்புப் பயிர் அறுபடும், அல்லது புதையும். ஒரே பருவத்தில் மூன்று நான்கு முறை விதைத்த குடும்பங்கள் உண்டு. விதைத் தானியத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

"நடாம எப்படி சார் மரம் வரும்?"

டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் பணியாளர் 1980களின் தொடக்கத்தில் மராடிக்குப் போனார். மரம் நடுவதுதான் வேலை. நட்டதில் பெரும்பாலானவை செத்தன. 1983இல் ஒரு நாள் வண்டியில் நாற்றுகளை ஏற்றிக்கொண்டு மணல் பாதையில் போகிறார். மணலில் சிக்காமல் இருக்க டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், அதற்காக இறங்குகிறார். சுற்றிலும் வெறும் நிலம், அங்கங்கே முட்டளவு புதர். ஒரு புதரின் இலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அது புதரே இல்லை. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர்.

கரும்பு போட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம், மறுதாம்புதான், வெட்டிய அடியிலிருந்தே மறுபடி எழுவது. மேலே மரம் போய்விட்டது, ஆனால் வேர் உயிரோடு இருந்தது. வருடா வருடம் துளிர்க்கும், வருடா வருடம் விதைப்புக்கு முன் விவசாயி அதை வெட்டி எரிப்பான். லட்சக்கணக்கான ஏக்கரில் இப்படி ஒரு காடு மண்ணுக்கடியில் காத்திருந்தது.

"செய்முறை என்ன? பயிற்சி ஏதாவது வேணுமா?"

அரை நாள் போதும். விதைப்புக்கு முன் வயலில் நடந்து எந்தக் கட்டைகளை விடுவது என்று முடிவு செய்வார்கள். ஒரு கட்டையில் இருபது முப்பது குச்சி கிளம்பியிருக்கும். அதில் நேராக, திடமாக இருக்கும் மூன்று முதல் ஐந்து வரை வைத்துக்கொண்டு மற்றதை அறுத்துவிட வேண்டும். வைத்ததிலும் பாதி உயரம் வரை பக்கக் கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டும். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் குச்சி சரசரவென்று ஏறும். அறுத்தது அடுப்புக்கு. அடுத்த ஆண்டு மறுபடி ஒரு குச்சி வெட்டலாம்.

நாற்றங்கால் இல்லை, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, தேவைப்படுவது ஒரு கத்தி. நிதி தரும் அமைப்புகளுக்கு இது பிடிக்காமல் போனதற்கு இதுவே காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். திறப்பு விழா வைக்க இதில் ஒன்றுமே இல்லை.

"வயலுக்குள்ள மரம் நின்னா நிழல் விழுந்து வெள்ளாமை கெடாதா?"

எந்த மரம் என்பதைப் பொறுத்தது. அந்த ஊர் விவசாயிகள் மிகவும் விரும்பி வைத்துக்கொள்வது, ஹௌசா மொழியில் காவோ என்று சொல்லும் ஒரு முள்மரம். அதன் குணம் தலைகீழ். மழைக்காலத்தில் இலை உதிர்க்கும், கோடையில் தழைக்கும். கம்பு வளரும் நேரத்தில் மரம் மொட்டை, அதனால் நிழல் தொல்லை இல்லை. உதிர்ந்த இலை அந்த நேரத்துக்கு உரம். வேரில் தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் அவரைக் குடும்பத்து மரம் அது. ஏப்ரல், மே வெயிலில் சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, அது மட்டும் பச்சையாக நின்று ஆடு மாடுகளுக்கு நிழல் தரும். பழுத்த காய் ஆரஞ்சு நிறத்தில் சுருண்டு விழும், ஆடுகள் ஓடி வந்து பொறுக்கும்.

மற்ற மரங்கள் அடர்ந்தால் விளைச்சல் குறையத்தான் செய்யும். அதனால்தான் எத்தனை விடுவது என்பதை விவசாயியே முடிவு செய்கிறார். ஹெக்டேருக்கு நாற்பது போதும் என்று ஆரம்பத்தில் சொல்லப்பட்டது. பல ஊர்க்காரர்கள் பின்னால் அதைவிட அதிகமாகவே வைத்துக்கொண்டார்கள்.

"ஆடு மாடு தின்னுடாதா? வேலி போட்டாங்களா?"

வேலி போடவில்லை. மராடியில் கிளம்பிய பல வகைப் புதர்களை ஆடு அவ்வளவாக விரும்பாது, வேர் பலமாக இருப்பதால் மேய்ந்தாலும் மறுபடி எழும். கஷ்டம் ஃபுலானி மேய்ப்பர்களோடு வந்தது. அறுவடைக்குப் பிறகு வயலில் மந்தையை விடுவது அவர்களின் பழைய உரிமை. கால்நடைத் தீவனத்துக்குக் கிளையை ஒடிப்பதும் அவர்கள் வழக்கம். அவர்களையும் ஊர்க் குழுவில் உட்கார வைத்த இடங்களில் உடன்பாடு நின்றது. அவர்களைச் சேர்க்காமல் விட்ட இடங்களில் சண்டை வந்தது. இன்றும் வருகிறது.

"ஒரு வெள்ளைக்காரர் வந்துதான் சொல்லணுமா? அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியாதா?"

நியாயமான கோபம். ரினாடோவே தான் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் சொல்கிறார். கட்டை துளிர்ப்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதை விட்டுவைத்தால் லாபம் உண்டு, யாரும் தண்டிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் இல்லாமல் இருந்தது. முதலில் சேர்ந்தது பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களையும் ஊர் கேலி செய்தது.

1984 பஞ்சத்தில், வயலில் துளிர்களை விட்டுவைப்பவர்களுக்குத் தானியம் என்று ஒரு திட்டம் வந்தது. ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். தானியம் நின்றதும் நிறையப் பேர் மரத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டாமல் விட்டவர்களின் வயலைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள்.

பக்கத்து நாடான புர்கினா ஃபாசோவில் வெளியாள் யாரும் வந்து சொல்லாமல் தொடங்கியவர் யகூபா சவடோகோ. யாதெங்கா மாகாணத்தில் வாஹிகுயா நகருக்கு அருகே உள்ள குர்கா என்ற ஊர்க்காரர். 1980 வாக்கில், எல்லோரும் நிலத்தை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் குழி தோண்டிக்கொண்டிருந்தார். ஊர் பைத்தியம் என்றது, அவர் வளர்த்த காட்டுக்குத் தீயும் வைத்தது. 2018இல் இவருக்கும் ரினாடோவுக்கும் ஒரே ஆண்டில் ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தார்கள்.

"அது என்ன குழி? நம்ம மழைநீர்க் குழி மாதிரியா?"

ஸாய் என்று பெயர். அந்த மண்ணைப் பற்றிச் சொன்னால்தான் குழியின் அருமை புரியும். யாதெங்காவில் ஸிபெல்லே என்று சொல்லும் கட்டாந்தரை உண்டு. மேல்மண் அரித்துப் போய், மிச்சம் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். மழை பெய்தால் சிமெண்டுத் தரையில் ஓடுவதுபோல் ஓடிவிடும்.

இதில் கோடையிலேயே ஒரு சாண் அகலத்துக்கும் சற்று அதிகமாக, அரை சாண் ஆழத்துக்குக் குழிகள் எடுப்பார்கள். ஒரு ஹெக்டேருக்கு பத்தாயிரத்துக்கும் மேல் வரும். பழைய முறையில் குழி சிறியது, அதில் எருவும் போட மாட்டார்கள். சவடோகோ குழியைப் பெரிதாக்கி ஒவ்வொன்றிலும் தொழு உரம் போட்டார். உரத்தைத் தேடிக் கரையான் வரும். கரையான் துளைக்கும் சின்னச் சின்ன வழிகளில் முதல் மழை அப்படியே உள்ளே இறங்கும். நாம் மருந்தடித்துக் கொல்லும் பூச்சி அங்கே கூலி வாங்காத உழவன். குழியில் கம்போ சோளமோ விதைப்பார்கள். எருவோடு வந்த மர விதைகளும் முளைக்கும், அவற்றை அவர் பிடுங்கவில்லை. அவர் காடு அப்படித்தான் தொடங்கியது.

வேலை கடுமை. நாற்பது டிகிரி வெயிலில் பாறை மாதிரி மண்ணைக் கொத்த வேண்டும். ஆள் பலம் இல்லாத வீடுகளுக்கு இது எட்டாது என்ற விமர்சனம் உண்மைதான்.

இதோடு சேர்ந்து போவது கல் வரப்பு. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், கையளவு கற்களை வரிசையாக அடுக்குவது. மட்டம் பார்ப்பது எப்படி? நம் கொத்தனார்கள் தளம் போடும்போது பிடிக்கிறார்களே தண்ணீர் டியூப், அதேதான். இரண்டு குச்சியில் கட்டிய அந்த டியூபை எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓரிரு நாளில் பழகிக்கொண்டார்கள்.

"ஒருத்தர் வயல்ல செஞ்சது நாடு முழுக்க எப்படிப் பரவுச்சு?"

பார்த்துப் பரவியது. 1989இல் நைஜரின் இல்லேலா பகுதியிலிருந்து 13 விவசாயிகள் யாதெங்காவுக்குப் போய் ஸாயைப் பார்த்தார்கள். திரும்பி வந்து தங்கள் வயலில் போட்டார்கள். அங்கே அதற்குத் தஸ்ஸா என்று பெயர். சில ஆண்டுகளில், யாரும் சீண்டாத கட்டாந்தரைக்கு அங்கே விலை ஏறியது. ஒரு விவசாய முறை பலன் தருகிறதா என்று கேட்டால் நான் காட்டுவது இந்த நில விலையைத்தான், அறிக்கைகளை அல்ல.

சவடோகோ தன் நிலத்தில் ஸாய் சந்தையும் நடத்தினார். பல ஊர் விவசாயிகள் விதைகளோடு வந்து, பேசி, மாற்றிக்கொண்டு போவார்கள்.

"20 கோடி மரத்தை யார் எண்ணினாங்க? மழை திரும்பினதால தானா வந்திருக்கலாமே?"

கிரிஸ் ரெய் என்ற டச்சு ஆய்வாளரும், அமெரிக்க நிலவியல் துறையின் கிரே டப்பானும் பழைய விமானப் படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் சொல்வது சுமார் 50 லட்சம் ஹெக்டேர், 20 கோடி மரம், 1980களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகளில். மதிப்பீடுதான், ஒவ்வொன்றாக எண்ணியது அல்ல. ஆண்டுக்கு 5 லட்சம் டன் கூடுதல் தானியம் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள்.

மழை 1980களுக்குப் பிறகு ஓரளவு தேறியது உண்மை. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் நைஜர், அந்தப் பக்கம் நைஜீரியா. மண்ணும் மழையும் ஒன்றுதான், தெற்கே மழை சற்று அதிகம்கூட. படத்தில் நைஜர் பக்கம்தான் மரம் அதிகம். இன்னொரு வியப்பு, மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில்தான் மரமும் நெருக்கமாக இருந்தது. ஆள் கூடினால் மரம் குறையும் என்ற நம் பள்ளிப் பாடம் அங்கே எடுபடவில்லை.

"சட்டம் மாறினதா இல்லையா, அதைச் சொல்லுங்க"

இரண்டாவது கேள்வியில் சொன்ன சட்டம் உடனே மாறவில்லை. முதலில் மாறியது நடைமுறைதான். மராடியில் வனத்துறையினரிடம் பேசி, தன் வயலில் வளர்த்த மரத்தை வெட்டுபவர்மேல் கை வைப்பதில்லை என்று ஒரு வாய்மொழிச் சம்மதம் கிடைத்தது. அரசு பலவீனப்பட்ட ஆண்டுகளில் காவலர் வருவதும் குறைந்தது. 'மரம் நம்முடையது' என்று மக்கள் நினைக்கத் தொடங்கினார்கள். 1993இல் நிலத்துக்கான கிராமப்புறச் சட்டத் தொகுப்பு வந்தது. இந்தத் துளிர் வளர்ப்பு முறைக்கென்றே ஓர் அரசாணை 2020இல்தான் வந்தது. மரம் வந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு காகிதம் வந்திருக்கிறது.

"இதுல பெண்களுக்கு என்ன கிடைச்சுது?"

முதலில் விறகு. வெகுதூரம் நடந்து சுமந்தது வீட்டு வயலுக்கே வந்தது, மிஞ்சியதை விற்கவும் முடிந்தது. அப்புறம் பெருக்கமரம், மன்னாரில் நிற்கிறதே அதே பெருக்கமரம்தான். அதன் இலையைக் காயவைத்துப் பொடித்துச் செய்யும் குழம்புதான் ஹௌசா வீடுகளின் மியா குக்கா. ஜிந்தேர் பகுதியில் இந்த இலை விற்ற பணம் பெண்கள் கையில் நிற்கும் பணம். ஆனால் நிலம் பெரும்பாலும் ஆண் பெயரில்தான். நிலம் திருந்தி விலை ஏறும்போது பெண்ணுக்குக் கொடுத்திருந்த துண்டு திரும்பப் பிடுங்கப்படுவதும் நடக்கிறது.

பெண்களே முன்னின்ற கதை வேண்டுமென்றால் கென்யா. வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமை வளைய இயக்கம். அங்கே மலைச்சரிவுகளில் மழை உண்டு, அதனால் நடுவது பலித்தது. கன்று உயிர் பிடித்தால்தான் அதை நட்ட பெண்ணுக்கு ஒரு சிறு தொகை, வெறுமனே நட்டதற்குக் கிடையாது. நம் ஊர் மரம் நடு விழாக்களில் இந்த ஒரு விதியைப் போட்டுப் பார்க்கலாம். 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு.

"ஆப்பிரிக்காவுல பெரிய பசுமைச் சுவர்னு ஒண்ணு கட்டுறாங்களே, அதுதானா இது?"

அது வேறு, இப்போது இதை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. 2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் அறிவித்தது. கண்டத்தின் குறுக்கே 8,000 கிலோமீட்டருக்கு ஒரு மரச்சுவர். ஆளில்லாத பாலையில் வரிசையாக நட்டால் யார் பார்ப்பது? நட்டதில் நிறைய போனது. பிறகு சுவர் என்பதை விட்டு, ஊரூராகத் திட்டுத்திட்டாக நிலத்தை மீட்பது என்று கருத்தை மாற்றினார்கள். 2030க்குள் 10 கோடி ஹெக்டேர் இலக்கு. 2020இல் வந்த ஆய்வின்படி சுவருக்கென்று குறித்த பகுதியில் முடிந்தது சுமார் 40 லட்சம் ஹெக்டேர்தான். மேலே சொன்ன 50 லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"கார்பன் கிரெடிட்ல காசு வருமாமே?"

மரம் காற்றிலிருந்து பிடித்துவைக்கும் கரியைக் கணக்குப் போட்டு விற்பதுதான் கார்பன் கிரெடிட். அதில் காசு வந்த இடம் ஒன்று உண்டு. எத்தியோப்பியாவின் ஹும்போ. மொட்டையான ஒரு மலையில் சுமார் 2,700 ஹெக்டேரை ஊர்க் கூட்டுறவுச் சங்கங்கள் மேய்ச்சலுக்கும் வெட்டுக்கும் விடாமல் மூடிவைத்து, பெரும்பாலும் இதே கட்டைத் துளிர் முறையில் காடாக்கின. 2009இல் ஐநா திட்டத்தில் பதிவானது, உலக வங்கி நிதியம் ஒரு பகுதியை வாங்கியது. ஆனால் அதற்கு அளவு, தணிக்கை, ஒப்பந்தம் என்று பெரிய அமைப்புகளின் துணை வேண்டியிருந்தது. தனி விவசாயி கார்பனை நம்பி இறங்கினால் ஏமாறுவார். விறகையும் ஆட்டுத் தீவனத்தையும் நம்பி இறங்கலாம்.

"அப்ப சீமைக்கருவேலத்தையும் வளர விட்டுடலாமா? அதுவும் தானா வர்ற மரம்தானே!"

கிண்டலாகக் கேட்டதுதான், ஆனாலும் பதில் இருக்கிறது. கென்யாவின் பரிங்கோ வட்டாரத்தில் 1980களில் பாலைவனத்தைத் தடுக்கிறோம் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது அதே சீமைக்கருவேலம். ஏரிக்கரை மேய்ச்சல் நிலத்தை அது விழுங்கியது. காயின் இனிப்பு ஆட்டின் பல்லைக் கெடுத்தது. அங்கே வாழும் இல்ச்சாமஸ் மக்கள் அரசின்மேல் வழக்குப் போட்டு, பல் போன ஓர் ஆட்டையே நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கூட்டிப்போனார்கள். நம் மாவட்டங்களிலும் இந்த மரம் நீதிமன்றம் ஏறியது, ஆடு ஏறவில்லை.

மராடியில் துளிர்த்தவை அந்த மண்ணின் மரங்கள். எதை விடலாம், எதை வெட்டலாம் என்று முடிவு செய்தது அங்கே உழுகிறவர். பரிங்கோவில் இரண்டுமே நடக்கவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் போகுதா? தோல்வியே இல்லையா?"

இருக்கிறது. 2015க்குப் பிறகு வடக்கு புர்கினா ஃபாசோவில் ஆயுதக் குழுக்களின் தாக்குதல். நாடு முழுக்க 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரை விட்டு வெளியேறினார்கள். யாதெங்காவும் தப்பவில்லை. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, வெளிநாட்டு உதவிகள் பல நின்றன. பணம் நின்றால் நாற்றங்கால் நிற்கும், வயலில் இருக்கும் கட்டை துளிர்ப்பது நிற்காது. ஆனால் வயலுக்கே போக முடியாதபோது யார் கவாத்து செய்வது?

சவடோகோவுக்கு வந்த சிக்கல் இன்னும் விசித்திரம். அவர் மீட்ட நிலம் நன்றாக ஆனது, வாஹிகுயா நகரம் வளர்ந்து அந்தப் பக்கம் வந்தது. மனைப் பிரிவுக்குக் கல் ஊன்றினார்கள். கட்டாந்தரையாக இருந்தவரை யாரும் அதைக் கேட்கவில்லை. அவர் 2023 டிசம்பரில் இறந்தார்.

"போய்ப் பார்க்க முடியுமா?"

நைஜருக்கும் புர்கினா ஃபாசோவுக்கும் இப்போது போகச் சொல்ல மாட்டேன். காவோ மரத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றால் மலாவி நாடு இருக்கிறது, வெகு தெற்கே இருப்பதால் அங்கே மழைக்காலம் வேறு. அங்கே அதற்கு ம்சங்கு என்று பெயர், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே நிற்கும். செப்டம்பர், அக்டோபரில் போங்கள், கோடைக் காய்ச்சலில் அது மட்டும் பச்சையாக இருக்கும். ஜனவரியில் போனால் சுற்றிலும் மக்காச்சோளம் தளதளவென்று நிற்க, நடுவில் மொட்டை மரம். பட்டுப்போச்சே என்று கூட வந்தவர் சொன்னால் ஐந்தாவது கேள்வியைப் படிக்கக் கொடுங்கள்.